ஒரு பூச்சி கூட இல்லாத ஊர்

மதாம் லெஸ்கூர் காஞ்சொறிப் புதருக்கு முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்து இருபது நிமிடம் ஆகிவிட்டது.

முதலில் மூக்குக் கண்ணாடி வழியாகப் பார்த்தார். பிறகு அதைக் கழற்றிவிட்டுப் பூதக்கண்ணாடி வழியாகப் பார்த்தார். அப்புறம் தோள்பையிலிருந்து ஒரு குறிப்பேட்டை எடுத்து எதையோ எழுதினார். எழுதிவிட்டு மறுபடியும் பார்த்தார்.

ஊர்மன்ற மாடியில், ஜன்னலின் மரத்தடுப்புக்குப் பின்னால் நின்று மேயர் அமெதே ரூவியேர் இதையெல்லாம் கவனித்துக்கொண்டிருந்தார். ஜூன் மாதக் கடைசி வாரம். சில்வண்டுகள் காலையிலேயே கச்சேரியை ஆரம்பித்துவிட்டன. ஆனால் மேயருக்கு வியர்த்தது வெயிலால் அல்ல.

"மச்சான், இங்க வா" என்று கிசுகிசுத்தார்.

நோர்பேர் வந்தான். அவன் மேயருடைய மனைவியின் தம்பி. ரோக்பெல் ஊர்மன்றத்தின் ஒரே முழுநேர ஊழியன். புல் வெட்டுவது, கல்லறை தோண்டுவது, கிறிஸ்துமஸ் விளக்குகளைக் கட்டுவது, அவற்றைப் பிப்ரவரியில் அவிழ்ப்பது எல்லாம் அவன்தான்.

"அந்த அம்மா யாரு?"

"சொலான்ஜ் வீட்டுல தங்கியிருக்காங்க. லியோன்லேர்ந்து லீவுக்கு வந்திருக்காங்களாம். பட்டாம்பூச்சி பார்க்க."

"பட்டாம்பூச்சியா? லியோன்ல இல்லாததா?"

"அதை நான் கேக்கல மச்சான்."

"வேலை நேரத்துல மேயர்னு சொல்லு."

"அதை நான் கேக்கல மேயர்."

அமெதே ஜன்னலிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "ஒரு பொம்பளை. ஒரு வாரம் லீவு போட்டிருக்கா. ரெண்டு மணி நேரம் வண்டியில போனா கடல். அதை விட்டுட்டு நம்ம ஊருக்கு வந்து, துணி துவைக்கற தொட்டிக்குப் பின்னால கிடக்கற காஞ்சொறியப் பார்த்துப் பார்த்து நோட்டுல எழுதறா. உனக்கு என்ன தோணுது?"

"பாவமாத் தோணுது."

"அவங்க நடுவர்டா!"

பூக்கிராமப் போட்டியைப் பற்றி ரோக்பெல்லில் தெரியாதவர் கிடையாது. ஜெயித்த ஊரின் வாசலில் ஒரு மஞ்சள் பலகையை நடுவார்கள். அதில் ஊரின் தகுதிக்குத் தக்கபடி ஒரு பூவோ, இரண்டு பூவோ, மூன்று பூவோ வரைந்திருக்கும். பள்ளத்தாக்குக்கு அந்தப் பக்கம் இருக்கும் மோன்தூர் ஊரின் வாசலில் இரண்டு பூப் பலகை நிற்கிறது. மோன்தூர் மேயர் அதன் பக்கத்தில் நின்று எடுத்துக்கொண்ட படத்தைப் புத்தாண்டு வாழ்த்து அட்டையாக அச்சடித்தார். முதல் அட்டையை அமெதேக்குத்தான் அனுப்பினார்.

போன வருடம் ஜூலை பதினான்காம் தேதி, தேசிய நாள் விருந்தில், மூன்றாவது கோப்பை ஒயினுக்குப் பிறகு, அமெதே மேஜை மேல் ஏறிச் சபதம் போட்டார்.

"அடுத்த கோடை முடியறதுக்குள்ள நம்ம ஊர் வாசல்லயும் ஒரு பலகை நிக்கும். நிக்கலேன்னா, அதுக்கப்புறம் வர்ற மார்ச் தேர்தல்ல நான் நிக்க மாட்டேன்!"

இருநூற்றுப் பதினான்கு பேர் இருக்கும் ஊரில், மேஜை மேல் நின்று சொன்னதை யாரும் மறப்பதில்லை. அமெதே கீழே இறங்குவதற்குள் மூன்று பேர் வேட்பாளர்களாகிவிட்டார்கள். அதில் ஒருவர் அவருடைய மனைவி மிரெய்.

பலகைக்கான விண்ணப்பம் பிப்ரவரியிலேயே போய்விட்டது. நடுவர் வர வேண்டியதுதான் பாக்கி. இதோ, வந்து காஞ்சொறியின் முன்னால் உட்கார்ந்திருக்கிறார். ஊரில் எத்தனையோ இடம் இருக்க, அங்கே!

"நோர்பேர், புல்வெட்டி எந்திரத்தை எடு."

"மணி பன்னெண்டே கால் ஆச்சு மேயர்."

"அதனால?"

"பன்னெண்டுலேர்ந்து மூணு வரைக்கும் ஊரே தூங்கும். எந்திரத்தை முடுக்கினா என்னை வெட்டிப் போட்டுருவாங்க."

"அவங்களும் இப்ப சாப்பிடப் போயிட்டாங்க பாரு. மூணு மணிக்கு அந்த அம்மா திரும்பி வரும்போது அங்க ஒரு இலை இருக்கக் கூடாது."

எந்திரம் முடுக்கப்பட்டது. ரோக்பெல்லின் எழுபது வீட்டு ஜன்னல்களும் ஒவ்வொன்றாகத் திறந்தன. ஊரில் அதுவரை புழக்கத்திலிருந்த வசவுகள் எல்லாம் வெளியே வந்தன, சில புதியவையும் பிறந்தன. அமெதே தெரு நடுவில் நின்று இரண்டு கைகளையும் உயர்த்தி, "நடுவர் வந்தாச்சு!" என்று ஒரே ஒரு சத்தம் போட்டார். ஜன்னல்கள் மூடிக்கொண்டன. அடுத்த ஐந்தாவது நிமிடம் எல்லா வீட்டு வாசலிலும் துடைப்பம் ஓடியது.

மூன்று மணிக்கு மதாம் லெஸ்கூர் ஒரு மடக்கு நாற்காலியோடு வந்தார். தொட்டிக்குப் பின்னால் போனார். நாற்காலியை விரிக்காமல் அப்படியே நின்றார்.

தற்செயலாக வந்தவர் போல அமெதே பக்கத்தில் வந்து நின்றார். "வணக்கம் மதாம். நல்ல வெயில்."

"இங்க... காஞ்சொறி இருந்துச்சே?"

"இருந்துச்சு மதாம். இப்ப இல்ல!"

"அதுல மயில்கண் பட்டாம்பூச்சியோட கம்பளிப்புழு இருந்துச்சு. காலையில எண்ணினேன். நூத்தி இருபத்தி மூணு."

அமெதேக்குத் தலை சுற்றியது. எண்ணியே விட்டாரா! நூற்று இருபத்து மூன்று கம்பளிப்புழு! ஒன்றுக்கு ஒரு மதிப்பெண் குறைத்தாலும் ஊர் என்ன ஆகும்? ஆனால் அவர் பதினோரு வருட மேயர், முகத்தில் எதையும் காட்டவில்லை.

"நோர்பேர்! அந்த நூத்தி இருபத்தி மூணும்?"

"எல்லாம் போச்சு மேயர்."

"ஒண்ணு விடாம?"

"ஒண்ணு விடாம."

"கேட்டீங்களா மதாம்? கவலையே படாதீங்க. ஒண்ணு கூடத் தப்பிக்கல."

மதாம் லெஸ்கூரின் முகம் வெளுத்தது. குறிப்பேட்டைத் திறந்து ஒரு வரி எழுதினார். எழுதிய பிறகு அதன் கீழே இரண்டு முறை கோடு போட்டார்.

"பார்த்தியா?" என்றார் அமெதே, அந்த அம்மாள் போன பிறகு. "ரெண்டு கோடு! அசந்து போயிட்டாங்க."

செவ்வாய்க்கிழமை காலையில் சொலான்ஜ் ஊர்மன்றத்துக்கே வந்துவிட்டாள். விருந்தினர் வீடு நடத்துபவள். ஆட்டுப்பால் பாலாடைக்கட்டியும் செய்வாள். கோபம் வந்தால் இடுப்பில் கை வைத்துத்தான் பேசுவாள். இப்போது இரண்டு கையும் இடுப்பில் இருந்தன.

"மேயரே, என் வீட்டுக்கு வந்த மனுஷி நேத்து ராத்திரி சூப்பைத் தொடல. என்ன பண்ணீங்க அவங்களை?"

"ஊரைச் சுத்தம் பண்ணினேன்."

"அவங்க பட்டாம்பூச்சி பார்க்க வந்தவங்க. படம் எடுக்கறாங்க, பேர் எழுதறாங்க. இன்னைக்கு ஆத்தோரப் புல்வெளிக்குப் போகணும்னு ஆசையா இருக்காங்க. நம்ம ஆளுங்க யாரும் அங்க வந்து தொந்தரவு பண்ணாம இருந்தா போதும்."

"புல்வெளிக்கா?" அமெதே நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். "எத்தனை மணிக்கு?"

"பதினோரு மணிக்கு. ஏன்?"

ஆற்றோரப் புல்வெளி அமெதேயின் கண்முன் வந்தது. இடுப்பளவு புல். முள்ளுச்செடி. பெயர் தெரியாத ஊதாப் பூ, மஞ்சள் பூ, வெள்ளைப் பூ, எல்லாம் யாரும் கேட்காமல் தானாக முளைத்தவை. நடுவர் அதையும் பார்க்கப் போகிறாரா!

பத்தே முக்காலுக்குள் வேலை முடிந்துவிட்டது. விவசாயி மோரிஸ் தன் டிராக்டரைக் கொடுத்தார். நோர்பேர் ஓட்டினான். சதுக்கத்தில் இரும்புக் குண்டு உருட்டி ஆடும் குண்டு விளையாட்டுக் குழுவைச் சேர்ந்த ஆறு கிழவர்கள், குனிந்தால் இடுப்பு பிடித்துக்கொள்ளும் என்று பத்து வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தவர்கள், ஓரங்களைக் கத்தரிக்கோலால் வெட்டினார்கள்.

பதினோரு மணிக்கு மதாம் லெஸ்கூர் தொப்பியும் கேமராவுமாக வந்து நின்றார். முன்னால் பச்சைப் பசேல் என்று, மழுங்கச் சவரம் செய்த கன்னம் போல ஒரு நிலம்.

"புல்வெளி எங்கே?" என்றார் மெதுவாக.

"அதோ மதாம்" என்று அமெதே கை நீட்டினார். நிலத்தின் கோடியில் மூன்று பெரிய புல் உருளைகள் நின்றன. "சுருட்டி வெச்சிட்டோம்."

அந்த அம்மாள் உருளைகளின் பக்கம் போனார். ஒன்றின் மேல் கை வைத்து, அடக்கம் செய்ய வந்தவர் போலச் சற்று நேரம் தலை குனிந்து நின்றார். பிறகு குறிப்பேட்டைத் திறந்தார்.

அமெதேக்கு முதன்முறையாக ஒரு சின்னச் சந்தேகம் வந்தது. அதைத் தீர்த்துக்கொள்ள ஊர்மன்றச் செயலாளர் மரிவோனுக்குத் தொலைபேசி செய்தார். விண்ணப்பங்கள், முத்திரைகள், சட்டங்கள் எல்லாம் அவள் கையில்தான். ஆனால் ரோக்பெல்லுக்கு அவள் வியாழக்கிழமை மட்டும்தான் வருவாள். சின்ன ஊர்களுக்கு முழுநேரச் செயலாளர் கிடையாது. ஒருத்தியே நாளுக்கு ஒரு ஊர் என்று சுற்றுவாள்.

"மரிவோன், அமெதே பேசறேன். நம்ம பலகை விஷயமா..."

"மேயர், இன்னைக்கு என்ன கிழமை?"

"செவ்வாய்."

"செவ்வாய்க்கிழமை நான் மோன்தூர் செயலாளர். மோன்தூர் மேயர் எதிர்ல உக்காந்திருக்காரு. உங்க ஊரைப் பத்தி வாயைத் திறக்க மாட்டேன்."

"ஒரே ஒரு கேள்வி. நடுவர் எப்படி வருவாங்க?"

தொலைபேசியில் ஒரு பெருமூச்சு கேட்டது. "நடுவர்னு சொல்லிக்கிட்டு வர மாட்டாங்க. சும்மா லீவுக்கு வந்த மாதிரி வந்து தங்குவாங்க. சுத்திப் பார்ப்பாங்க, போயிடுவாங்க. நீங்க சும்மா இருந்தாலே போதும். மீதியை வியாழக்கிழமை கேளுங்க."

அமெதே தொலைபேசியை வைத்துவிட்டுச் சிரித்தார். "கேட்டியா நோர்பேர்? லீவுக்கு வந்த மாதிரி வருவாங்களாம்! நான் சொன்னேனா இல்லையா?"

"சும்மா இருந்தாலே போதும்னும் சொன்னாளே?"

"மோன்தூர்ல உக்காந்து பேசறவ வேற என்ன சொல்வா? நம்மளைச் சும்மா இருக்கச் சொல்லிட்டு, அங்க அவங்க பூவை நட்டுக்கிட்டு இருப்பாங்க."

அன்று மாலை இருநூறு ஜெரேனியம் பூந்தொட்டிகள் லாரியில் வந்து இறங்கின. அத்தனையும் ஒரே சிவப்பு. ஜன்னல் ஜன்னலாகத் தொங்கின, படிக்குப் படி உட்கார்ந்தன, தேவாலய வாசலில் இரண்டு பக்கமும் அணிவகுத்து நின்றன. ரொட்டிக் கடைக்காரி தன் கடைக்குள் நுழைய வழியில்லாமல் ஜன்னல் வழியாக ரொட்டி விற்றாள்.

புதன்கிழமை காலை. மதாம் லெஸ்கூர் சதுக்கத்தில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்து சிவப்புப் பூக்களையே பார்த்துக்கொண்டிருந்தார். குண்டு விளையாட்டுக் குழு ஆலிவ் சோப்புத் தண்ணீரில் துணி நனைத்து, தொட்டி தொட்டியாக இலைகளைத் துடைத்துக்கொண்டிருந்தது.

அமெதே மார்பை நிமிர்த்திக்கொண்டு வந்தார். "எப்படி இருக்கு மதாம்?"

"சிவப்பா இருக்கு."

"உத்துப் பாருங்க. பூதக்கண்ணாடி வெச்சே பாருங்க. எங்க ஊர்ப் பூவுல ஒரு பூச்சி கூட இருக்காது!"

"அது தெரியுது" என்றார் மதாம் லெஸ்கூர். "வந்த அன்னைக்கு முப்பத்தி ரெண்டு வகைப் பட்டாம்பூச்சி பார்த்தேன். நேத்து எட்டு. இன்னைக்கு இதுவரைக்கும் ஒண்ணு. அதுவும் செத்துக் கிடந்துச்சு."

அமெதேயின் மூளையில் மின்னல் வெட்டியது. நேராக வீட்டுக்கு ஓடினார். மிரெய் சமையலறையில் கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"மிரெய், இப்பத்தான் புரிஞ்சுது! பட்டாம்பூச்சிக்கும் மார்க் உண்டு. பூ இருக்கற ஊர்ல பட்டாம்பூச்சி இருக்கணும் இல்லையா? அதைத்தான் எண்ணிக்கிட்டிருக்காங்க!"

"அதுக்கு?"

"நம்ம கிட்ட இல்ல. கொண்டு வரணும். உன் கல்யாண முக்காட்டு வலை எங்கே?"

மிரெய் கத்தியைக் கீழே வைத்தாள். முப்பத்தொரு வருடம் முன்னால் அதே முக்காட்டைப் போட்டுக்கொண்டு இந்த மனிதனைப் பார்த்துச் சிரித்தவள் அவள். இப்போதும் சிரிப்பு வந்தது, ஆனால் வேறு காரணத்துக்கு.

"அலமாரியில மேல் தட்டு. எடுத்துக்கோ. நீ ஓடற ஓட்டத்தைப் பார்த்தா நான் பிரசாரமே பண்ண வேண்டாம் போலிருக்கு."

"பலகை நிக்கட்டும், அப்புறம் பேசறேன் உன்கிட்ட."

"மேயர் நாற்காலிக்கு நீலத் துணி மெத்தை தைக்கலாம்னு இருக்கேன் அமெதே. உனக்கு அந்த நிறம் பிடிக்குமா?"

அதைக் கேட்க அவர் அங்கே இல்லை.

மோரிஸின் முட்டைக்கோஸ் தோட்டத்தில் வெள்ளைப் பட்டாம்பூச்சிகளுக்குப் பஞ்சமில்லை. அன்று பிற்பகல் ரோக்பெல் ஊரின் பெரிய மனிதர்கள் அத்தனை பேரும் அங்கே இருந்தார்கள். இறால் பிடிக்கும் வலை, சாலட் வடிகட்டி, தேனீக்காரரின் முகமூடி, கல்யாண முக்காடு, எது கிடைத்ததோ அதோடு ஓடினார்கள். துணை மேயர் ஒரு பட்டாம்பூச்சியைத் துரத்திப்போய் உரக்குழியில் விழுந்தார். விழுந்தும் கையை மட்டும் மேலே தூக்கிப் பிடித்திருந்தார்.

"செத்துடலையே?" என்று அமெதே கத்தினார்.

"இடுப்பு மட்டும்தான்!"

"உங்களை இல்லய்யா, பட்டாம்பூச்சியை!"

மொத்தம் அறுபத்து நான்கு. அத்தனையையும் சொலான்ஜ் பாலாடைக்கட்டி காயவைக்கும் வலைக் கூண்டில் அடைத்தார்கள். கூண்டைக் கொடுக்க மாட்டேன் என்று சொலான்ஜ் சண்டை போட்டாள். பிறகு, "அந்த மனுஷி ஒரு நாளாவது சிரிக்கட்டும்" என்று கொடுத்துவிட்டாள்.

மாலை ஐந்து மணி. வெயில் சாய ஆரம்பித்திருந்தது. மதாம் லெஸ்கூர் வழக்கமான பெஞ்சுக்கு வந்து உட்கார்ந்தார். ஊர்மன்றப் படிக்குப் பின்னால் நோர்பேர் கூண்டோடு பதுங்கியிருந்தான். அமெதே தொப்பியைக் கழற்றினார். அதுதான் சைகை.

கூண்டு திறந்தது.

அறுபத்து நான்கு வெள்ளைப் பட்டாம்பூச்சிகளும், மேலெல்லாம் பாலாடைக்கட்டி வாசனையோடு, ஒரே மேகமாக மேலே கிளம்பின. ஊர் மூச்சைப் பிடித்துக்கொண்டது. மதாம் லெஸ்கூர் எழுந்து நின்றார். அவர் உதடு லேசாக விரிந்தது.

ஊர்மன்றத்தின் கூரை இறவாணத்தில் தகைவிலான் குருவிகள் வருடா வருடம் கூடு கட்டும். அந்த நேரத்தில் அவை குஞ்சுகளுக்கு இரை தேடிக்கொண்டிருந்தன.

முதல் குருவி வந்தது. பிறகு எல்லாக் குருவிகளும் வந்தன.

இரண்டு நிமிடத்துக்கு மேல் ஆகவில்லை. கடைசி வெள்ளைச் சிறகு ஒன்று சுழன்று சுழன்று வந்து மதாம் லெஸ்கூரின் காலடியில் விழுந்தது. சதுக்கத்தில் ஒரு சத்தமும் இல்லை. கூட்டில் குஞ்சுகள் மட்டும் திருப்தியாகக் கத்தின.

அமெதே தொப்பியை மறுபடியும் போட்டுக்கொண்டார். "எங்க ஊர்ல பறவைகளும் உண்டு மதாம்" என்றார்.

அந்த அம்மாள் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். மூடிய கண்ணைத் திறந்தபோது, அவர் பார்வை மேயரைத் தாண்டிப் போய், படிக்கட்டில் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்த நோர்பேரின் மேல் நின்றது.

பிற்பகல் முழுக்க முட்டைக்கோஸ் தோட்டத்தில் ஓடியவன் அவன். பனியன் நனைந்து முதுகோடு ஒட்டியிருந்தது. தோளில் வியர்வை வழிந்தது. அந்தத் தோளின் மேல், எங்கிருந்து வந்ததென்று தெரியாமல், ஒரு பெரிய பட்டாம்பூச்சி உட்கார்ந்திருந்தது. பழுப்பு நிறம் போலத் தெரிந்தது. சிறகை அசைத்ததும், வெயில் பட்ட பக்கம் முழுக்க ஊதாவாக மின்னியது.

"அசையாதீங்க" என்று மதாம் லெஸ்கூர் கிசுகிசுத்தார். "தயவுசெஞ்சு அசையாதீங்க."

நோர்பேர் சிலையாகிவிட்டான். அந்த அம்மாள் ஓர் அடி, அப்புறம் இன்னோர் அடி என்று நெருங்கி, அவன் தோளுக்கு ஒரு சாண் தூரத்தில் முகத்தைக் கொண்டுபோனார். பட்டாம்பூச்சி தன் மஞ்சள் உறிஞ்சுகுழலை நீட்டி நோர்பேரின் வியர்வையைக் குடித்துக்கொண்டிருந்தது. அந்த அம்மாளின் கண்ணில் நீர் ததும்பியது. குறிப்பேட்டைத் திறந்தார்.

சதுக்கத்தின் மறுபக்கத்திலிருந்த அமெதேக்குப் பட்டாம்பூச்சி தெரியவில்லை. அவருக்குத் தெரிந்ததெல்லாம் இதுதான்: நடுவர், ஊர்மன்ற ஊழியனின் அக்குளுக்குப் பக்கத்தில் மூக்கை வைத்து, கண்ணில் நீர் வழிய, மதிப்பெண் போட்டுக்கொண்டிருக்கிறார்.

"ஐயோ, சுகாதாரம்!" என்றார் அமெதே.

குண்டு விளையாட்டுக் குழுவின் சோப்புத் தண்ணீர் வாளி பக்கத்திலேயே இருந்தது. ஐம்பத்தெட்டு வயதில் அவ்வளவு வேகமாக ஓட முடியும் என்று அவருக்கே தெரியாது. மதாம் லெஸ்கூர் "வேண்டாம்!" என்று சொல்ல வாயைத் திறந்தார். அதற்குள் வாளி கவிழ்ந்துவிட்டது.

நோர்பேர் சொட்டச் சொட்ட நின்றான். மீசையில் நுரை. பட்டாம்பூச்சி இல்லை.

"இப்ப வாசனையா இருக்கான் மதாம்" என்றார் அமெதே. "நீங்க தாராளமாப் பார்க்கலாம்."

வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு மதாம் லெஸ்கூர் பெட்டியோடு சொலான்ஜ் வீட்டு வாசலில் நின்றார். சனிக்கிழமை வரை தங்குவதாகத்தான் இருந்தது. இரண்டு நாள் முன்னதாகவே கிளம்பிவிட்டார். அமெதே ஓடோடி வந்து பெட்டியைத் தானே வாங்கிக் காரில் வைத்தார். அவருக்குப் பின்னால் ஊரே வந்து நின்றது.

"மதாம், ஒரே ஒரு வார்த்தை. எங்க ஊர் எப்படி?"

மதாம் லெஸ்கூர் மெல்லச் சுற்றிப் பார்த்தார். சிவப்புத் தொட்டிகள். துடைத்த இலைகள். மழித்த நிலம்.

"பதினேழு வருஷமா ஊர் ஊராப் போய்ப் பார்க்கறேன் மேயர். இந்த மாதிரி ஒரு ஊரை நான் எங்கேயும் பார்த்ததில்ல."

கூட்டத்தில் ஒரு சந்தோஷச் சலசலப்பு எழுந்தது.

"ஒரு களை இல்ல. ஒரு புழு இல்ல. பறக்கறது எதுவுமே இல்ல. நாலே நாள்ல இப்படிப் பண்ண முடியும்னு யாராவது சொல்லியிருந்தா நம்பியிருக்க மாட்டேன்."

"உழைப்பு மதாம்!"

"தெரியுது" என்றார் அந்த அம்மாள். காரில் ஏறிக் கதவைச் சாத்தினார். பிறகு கண்ணாடியை இறக்கினார். "இனிமே மறைச்சு என்ன ஆகப்போகுது? நீங்க நினைச்சது சரிதான். நான் நடுவர்தான். அறிக்கையை நேத்தே எழுதி முடிச்சுட்டேன்."

கார் போன பிறகு எழுந்த ஆரவாரத்தில் தகைவிலான் குருவிகள் கூட்டை விட்டுப் பறந்தன. சொலான்ஜ் வாயில் கை வைத்து நின்றாள். மிரெய் முதல்முறையாகக் கொஞ்சம் வெளிறிப் போனாள். "அப்போ நிஜமாவே நடுவரா?" என்றாள்.

"இன்னும் ஆறு வருஷம் மிரெய்" என்றார் அமெதே. "மெத்தையை நீலத்துலயே தை. எனக்குப் பிடிக்கும்."

பன்னிரண்டு மணிக்குச் சதுக்கத்தில் மேஜைகள் போடப்பட்டன. பாஸ்டிஸ் மது வந்தது, ஆலிவ் வந்தது, பாலாடைக்கட்டி வந்தது. நோர்பேரை ஊர் வாசலுக்கு அனுப்பிப் பலகைக்குக் குழி தோண்டச் சொல்லியாயிற்று. அமெதே மறுபடியும் மேஜை மேல் ஏறினார். போன வருடம் நின்ற அதே மேஜை.

"போன ஜூலையில நான் ஒரு வார்த்தை சொன்னேன். சிலர் சிரிச்சாங்க. அதுல ஒருத்தர் என் வீட்டுலயே இருக்காங்க. இன்னைக்கு நடுவரே சொல்லிட்டுப் போயிட்டாங்க, இப்படி ஒரு ஊரைப் பார்த்ததில்லைன்னு. மோன்தூர் ரெண்டு பூ வெச்சிருக்கு. நமக்கு மூணு!"

கைதட்டல் ஓயவில்லை. அந்த நேரத்தில் ஊர்மன்றக் கதவு திறந்து மரிவோன் வெளியே வந்தாள். வியாழக்கிழமை அல்லவா, எட்டரை மணியிலிருந்து உள்ளே உட்கார்ந்து தபால் பார்த்துக்கொண்டிருந்தாள். வெயிலுக்குக் கையை நெற்றியில் வைத்துச் சதுக்கத்தைப் பார்த்தாள். ஆற்றுப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். துவைக்கிற தொட்டியின் பக்கமும் பார்த்தாள்.

"மரிவோன், வா வா! ஒரு கோப்பை எடு" என்று மேஜை மேலிருந்தே அமெதே கூப்பிட்டார். "நடுவர் வந்துட்டுப் போயாச்சு!"

"தெரியும். அவங்க வண்டியை ஜன்னல்லேர்ந்து பார்த்தேன். சனிக்கிழமை வரைக்கும் இருப்பாங்கன்னு நினைச்சேன்." அவள் இன்னும் ஆற்றுப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். "மேயர், அந்தப் புல்வெளி எங்கே? காஞ்சொறி, முள்ளுச்செடி எல்லாம் எங்கே?"

"ஒண்ணு கூட இல்ல! நாலு நாள்ல துடைச்சு எடுத்துட்டோம். பூக்கிராமப் போட்டின்னா சும்மாவா?"

மரிவோன் கோப்பையை எடுக்கவில்லை. மேஜை மேல் நின்ற மேயரை அண்ணாந்து பார்த்தாள்.

"பூப் போட்டிக்கு நாம விண்ணப்பமே போடலையே மேயர், ஏதாவது ஒரு பலகை நின்னா போதும்னு நீங்க சொன்னதால, நம்ம ஊர்க் களைக்குக் கண்டிப்பாக் கிடைக்கும்னு நான் விண்ணப்பிச்சது 'பட்டாம்பூச்சி ஊர்' பலகைக்கு."